குறைந்துபோன ஆறு சோதனைகள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் சுவிட்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் உட்காரும் காவலாளி முதல் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்காரும் மேலாளர் வரைக்கும் அதே பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் புழங்கத்தான் ஆளில்லை. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நாலு மாதம் கண் எரிய எரிய உட்கார்ந்து செய்த வேலைக்குக் கிடைத்த பெயர் அது. சும்மா வந்ததா என்ன?

அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு நடந்த அநியாயம் யாருக்கும் விளங்காது. நோயாளியின் நரம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்புகிற பம்ப் செய்யும் கம்பெனி அது. ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கர்னல் என்கிற ஒன்று உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நடத்துகிறது. ஆனால் மோட்டார், திரை, பேட்டரி, சென்சார் எதனோடும் அதற்கு நேராகப் பேசத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். டிரைவர் பொய் சொன்னால் கர்னல் அப்படியே நம்பிவிடும். டிரைவர் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் சுவிட்சக்காவின் பிழைப்பு. 'டிரைவர்களுக்குச் சோதனை வைக்கிறேன்' என்று ஒரு தடவை சொந்தக்காரர்கள் நடுவில் வாயை விட்டுவிட்டாள். கணவனின் சித்தப்பா தன் மகனுக்கு லைசென்ஸ் எடுத்துத் தரச் சொல்லி ஒரு வருடம் அவளை விரட்டினார்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தேகப் பிராணி. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மாடிப்படி எத்தனை, பஸ்ஸில் சீட் எத்தனை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எண்கள் அவள் தலையில் பசை போட்டு ஒட்டினாற்போல் நிற்கும். பாஸ்வேர்டு மட்டும் நிற்காது. ஏனென்று கடவுளுக்கே வெளிச்சம். அதனால் கல்யாணமான நாளிலிருந்து கணவன்தான் அவளுக்குப் பாஸ்வேர்டு யோசித்துக் கொடுப்பான். சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் எழுதியும் வைத்துக்கொள்வான். ஆபீஸ் லேப்டாப்புக்கு அவன் வைத்தது, அவளே மறக்க முடியாதபடி, அவர்கள் முதன்முதலில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை வீட்டின் கதவு எண்ணும் தெருப் பெயரும்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணைச் சோதித்து எழுதிக் கொடுப்பான். சாது. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் அவளுக்குக் கிடைத்ததே அவன் தங்கையால்தான். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி அவள். டிரைவர் எழுதுகிறவள். இவள் சோதனை எழுதுகிறவள். பகல் முழுக்க 'உன் டிரைவர் சரியில்லடி', 'உன் சோதனை சரியில்லடி' என்று அடித்துக்கொள்வார்கள். மாலையில் ஒரே குடையில் பஸ் ஸ்டாப்புக்குப் போவார்கள். அப்படி ஒரு மழை நாளில் வீட்டுக்குக் கூட்டிப்போய் அண்ணனுக்கு அறிமுகம் செய்து வைத்தவளே அவள்தான். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, நிறைந்த கூட்டத்தில், "அண்ணி இதுக்கு என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்றாள் பாருங்கள், மேலாளர் உட்பட அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து 'நீ, வா, போ' எல்லாம் அப்படியே இருக்க, அண்ணி என்பது மட்டும் கூடச் சேர்ந்துகொண்டது.

இருவரும் சேர்ந்து வேலை பார்க்கிற இந்தப் பதினாலு வருடத்தில் சுவிட்சக்கா செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் படித்துப் பார்த்தவள் நாத்தனார்தான். அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, 'பார்த்தேன், சரி' என்று தன் கணக்கில் நுழைந்து பதிய வேண்டும். இரண்டு பெயரும் சேர்ந்து காலத்துக்கும் அந்த மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அழிக்க முடியாது. அப்படிப் பார்த்தால் அலுவலகப் பதிவுகளில் அவர்கள் இருவர் பெயரும் ஆயிரக்கணக்கான இடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

சரி, சுவிட்சுக்கு வருவோம். முன்பெல்லாம் சோதனைகள் அத்தனையும் ஒரே மூட்டை. யார் எதை மாற்றினாலும் மூட்டை முழுதும் ஓடி முடிய நாற்பது நிமிடம். திரையில் ஒரு கோட்டை நகர்த்தியவன்கூட நாற்பது நிமிடம் கொட்டாவி விட வேண்டும். அதைவிட மோசம், பேட்டரியே இல்லாத சர்க்யூட் பலகையிலும் பேட்டரிச் சோதனை ஓடி, தோற்று, சிவப்பாக எரியும். 'அது எப்பவும் அப்படித்தான் எரியும், விடு' என்று எல்லோரும் பழகிப்போய்விட்டார்கள். சிவப்பைப் பார்த்துப் பழகுவதைவிட ஆபத்து வேறெதுவும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. மூட்டையைப் பிரித்தாள். ஒவ்வொரு டிரைவரின் சோதனைக்கும் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தாள். எந்தப் பலகையில் எதெல்லாம் சேரும் என்று குறித்து வைக்கிற கான்ஃபிக் பட்டியலில் டிரைவர் இருந்தால்தான் அதன் சுவிட்சே கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் அது போட்டபடியேதான் இருக்கும். வேண்டாம் என்கிறவர் தேடிப் போய்த் தன் கையால் அணைக்க வேண்டும்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே விளக்கம் எழுத மூன்று வரி இடம் உண்டு. ஊரில் எல்லோரும் 'இது இன்ன சோதனையை இயக்கும்' என்று கடனே என்று எழுதுவார்கள். அவள் வேறு மாதிரி எழுதினாள். இதை அணைத்தால் நமக்கு எது தெரியாமல் போகும் என்று எழுதினாள். காற்றுக்குமிழி சென்சாருக்கு அவள் எழுதியது இதுதான்: 'இதை அணைத்தால், குழாயில் காற்று வந்தும் பம்ப் நிற்காமல் ஓடுகிறதா என்பது நமக்குத் தெரியாது. நோயாளிக்குத்தான் தெரியும்.' மேலாளர் அதைப் படித்துவிட்டு, "என்னம்மா, பேய்க்கதை மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

அந்த வேலையில் அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அணைத்த சோதனையை ரிப்போர்ட்டில் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 'ஓடவில்லை' என்று மஞ்சளில் காட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம். டீ குடிக்கிற இடத்தில் நின்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"மஞ்சள் வேணாம் அண்ணி. ஒவ்வொரு பலகைக்கும் அம்பது மஞ்சள் வரும். சிவப்பு பழகின மாதிரி மஞ்சளும் பழகிடும். யாரு படிப்பா?"

"அப்ப அணைச்சது யாருக்கும் தெரியாமப் போயிடுமேடி."

"நீ இருக்கியே, உனக்குத் தெரியாமயா? ஓடினதை மட்டும் காட்டு. பளிச்சுனு பச்சையா இருக்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. அவள் சொன்னதைக் கேட்டாள். அணைத்தது ரிப்போர்ட்டில் சுத்தமாக வராது, ஓடியவை மட்டும் எண்ணப்படும் என்று எழுதினாள். அதையும் நாத்தனார்தான் படித்துப் பார்த்து, 'சரி' போட்டாள்.

இரண்டு வருடம் ஒரு குறையுமில்லை. இந்த வருடம் புது மாடல் பம்ப் வந்தது. அதன் டிரைவர்கள் அத்தனைக்கும் பொறுப்பு நாத்தனார். இந்த ரிலீஸ் நல்லபடியாக வெளியே போனால் பிரிவுத் தலைவி நாற்காலி அவளுக்கு என்று ஊரறிந்த ரகசியம். அந்த நேரம் பார்த்துக் காற்றுக்குமிழிச் சோதனை தோற்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, முந்நூறில் ஒரு தடவை. பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்தச் சென்சார் அவ்வப்போது தூங்கும். விழித்ததும் முதலில் கேட்டால், தூங்குவதற்கு முன் சொன்ன பழைய பதிலையே சில சமயம் திருப்பிச் சொல்லிவிடும். இப்போது காற்று இருக்கிறதா என்று கேட்டால், அப்போது இல்லையே என்று சொல்வது மாதிரி. டிரைவர்தான் அதைக் கண்டுபிடித்துத் தள்ள வேண்டும். தள்ளவில்லை.

"முந்நூறுல ஒண்ணு அண்ணி. உன் சோதனைதான் பதட்டக்காரச் சோதனை. டிரைவர் நல்லாத்தான் இருக்கு."

"ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு அது முந்நூறு தடவை தூங்கி எழுந்திரிக்கும்டி. கணக்குப் பாரு."

"சரி சரி, பாக்கறேன்."

ஒரு திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட் முழுப் பச்சையாக வந்தது. "சரி பண்ணிட்டியாடி?" என்று கேட்டாள். "ம்" என்றாள் நாத்தனார். சுவிட்சக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைய கூட்டத்தில் தானே எழுந்து, எல்லோர் முன்னாலும், "கஷ்டமான பிழை இது, வேற யாராயிருந்தாலும் ரெண்டு மாசம் ஆகியிருக்கும்" என்று பாராட்டிப் பேசினாள். கைதட்டினார்கள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள் இந்தப் பைத்தியக்காரி.

அதிலிருந்து மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. வெள்ளியன்று முதல் தொகுதி இருநூறு பம்புகள் ஆஸ்பத்திரிகளுக்குப் புறப்பட வேண்டும். ரிலீஸ் அறிக்கையை அவள்தான் எழுதி, கீழே தன் பெயரைப் போட வேண்டும். 'ஓடிய சோதனைகள் 410, எல்லாம் தேறின' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனவள் நின்றாள். 410-ஆ? போன மாதம் 412. அதற்கப்புறம் திரைக்கென்று நாலு சோதனை அவளே சேர்த்திருக்கிறாள். 416 வர வேண்டும். ஆறைக் காணோம்.

ஆறு சோதனை உள்ள டிரைவர் எது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கான்ஃபிக் பட்டியலைத் திறந்தாள். காற்றுக்குமிழி சுவிட்ச் அணைந்து கிடந்தது. அணைத்தவர் நாத்தனார். காரணம்: 'சோதனை நிலையாக இல்லை, எழுதியவர் சம்மதத்துடன் நிறுத்தப்படுகிறது.' அதற்குக் கீழே, பார்த்துச் சரி சொன்னவர் என்ற இடத்தில் அவள் பெயர். சம்பளச் சீட்டில் இருக்கிற, யாரும் கூப்பிடாத அந்தப் பெயர்.

முதலில் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. நானே போட்டு மறந்துவிட்டேனோ? தேதியைப் பார்த்தாள். ரிப்போர்ட் பச்சையாக வந்த திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்று இருபது. அன்று நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தாள். அந்த நேரத்தில் இவள் சமையலறையில் அவர்களுக்காக அப்பளமும் வடையுமாய் அடுப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

டீ இடத்துக்கு நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் இருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குமிழிச் சோதனைய அணைச்சது நீயா?"

நாத்தனார் மறைக்கவில்லை. அதுவே ஒரு அடி மாதிரி விழுந்தது. "ஒரே ஒரு ரிலீஸ் அண்ணி. அடுத்த மாசம் டிரைவரச் சரி பண்ணித் திரும்பப் போட்டுடுவேன். முந்நூறுல ஒண்ணுக்காக எல்லாம் நிக்கணுமா?"

"அன்னிக்குச் சரி பண்ணிட்டேன்னு சொன்னியே."

"நான் 'ம்'னுதான் சொன்னேன்."

"என் பேரை ஏண்டி போட்ட?"

"உன் பேர் இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. வேற யார் பேர் இருந்தாலும் நோண்டுவாங்க." ஏதோ புகழ்ந்து சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு குரலை இறக்கி, "சுவிட்ச் வெச்சது நீதானே அண்ணி? அணைக்கத்தானே சுவிட்ச்?" என்றாள்.

பதினாலு வருடம் ஒரே குடையில் நடந்தவள், ரிப்போர்ட்டில் மஞ்சள் வேண்டாம் என்று சொன்ன இதே இடத்தில் நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறாள். அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. மேஜைக்குப் போய் சுவிட்சைப் போட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய், பலகைகளில் ஈயம் வைத்து ஒட்டுகிற சால்டர் அண்ணனைப் பிடித்தாள். அவர் புது மாடல் பம்ப் ஒன்றை மேஜையில் வைத்துக் குழாய் மாட்டிக் கொடுத்தார். சென்சாரைத் தூங்க வைத்து எழுப்பி, தூங்க வைத்து எழுப்பி, ஒவ்வொரு தடவையும் குழாயில் கொஞ்சம் காற்றை விட்டு, இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்கள். இருநூற்றுப் பதினோராவது தடவை குழாயில் விரற்கடை நீளத்துக்குக் காற்று போனது. பம்ப் அது பாட்டுக்கு ஓடியது. மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை.

"ஏம்மா, இது ஆளைக் கொன்னுடுமே" என்றார் சால்டர் அண்ணன்.

மேலாளர் பத்தே நிமிடத்தில் ரிலீஸை நிறுத்திவிட்டார். அதில் அவர் மனிதர்தான். பம்புகள் போகவில்லை. ஆனால் அடுத்த கேள்வி அவளைப் பார்த்து வந்தது.

"அணைச்சது ரிப்போர்ட்ல தெரியாத மாதிரி எழுதினது யாரு?"

"நான்தான் சார். அது என் தப்பு. அத எங்க வேணாலும் ஒத்துக்கறேன். ஆனா அந்த 'சரி' நான் போட்டதில்ல."

"உங்க கணக்குல இருந்து வந்திருக்கு. உங்க லேப்டாப். வீட்டுல மறந்து திறந்து வெச்சிருந்தீங்களா?"

அப்படித்தான் இருக்கும் என்று நேற்றிலிருந்து அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். மேலாளர் பதிவைத் திருப்பிக் காட்டினார். ஒன்று பதினேழுக்கு லேப்டாப் பூட்டு திறக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு கொடுத்து, முதல் தடவையிலேயே சரியாக. ஒன்று இருபதுக்கு 'சரி'.

"நீங்க போட்டீங்க, இல்லன்னா பாஸ்வேர்டு யாருக்கோ குடுத்தீங்க. ரெண்டுல எதுன்னு நாளைக்குக் காலையில எழுதிக் குடுங்க. என் கையில ஒண்ணும் இல்ல, ஒருத்தர் போகத்தான் வேண்டியிருக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் படுக்கையறை அலமாரியில், பைக்குள், மூடித்தான் இருந்தது. அவளே வைத்தது. அந்தக் கதவு எண்ணும் தெருப் பெயரும்தான் பாஸ்வேர்டு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். பஸ்ஸில் வீடு வரும்வரை வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தாள். சோதனைக்காரி ஆயிற்றே, எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தாள். ஒரு வழியும் கிடைக்கவில்லை.

அவன் கடையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

"அவங்க சாப்பிட வந்த ஞாயித்துக்கிழமை என் லேப்டாப்ப யாருங்க திறந்தது?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவதான் கேட்டா. ஏதோ மெயில் பாக்கணும்னா."

"மெயில் பாக்கவா?"

அவன் சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தான். "ஒரு வரி போடணும்னா. உன் பேர்ல சரின்னு. உன்கிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டேன்னு சொன்னா."

"நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சேதான் திறந்து குடுத்தீங்களா?"

"தெரியும்" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். "எனக்கு உங்க வேலையெல்லாம் என்ன புரியுது? ஒரு வரிதானேன்னு விட்டுட்டேன்."

"உங்க கடையில நீங்க பாக்காத கண்ணுக்கு, பாத்தேன்னு எவனாவது எழுதி உங்க கையெழுத்தப் போட்டா, ஒரு வரிதானேன்னு விடுவீங்களா?"

அவன் துணியைக் கீழே வைத்தான். "அவ போன் பண்ணினா. அழுதா. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. நாளைக்கு நீயே போட்டதா எழுதிக் குடுத்துடு. கவனிக்காமப் போட்டேன்னு சொல்லு. உன் மேல அவங்களுக்கு மரியாதை இருக்கு, திட்டுவாங்க, அவ்ளோதான். உண்மையச் சொன்னா அவள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் நான் அவ முகத்துல எப்படி முழிக்கிறது?"

இருநூற்றுப் பதினோராவது தடவையில் அந்தக் குழாயில் போன காற்றைப் பார்த்தபோதுகூட அவள் இப்படி நொறுங்கவில்லை.

"என் முகத்துல எப்படி முழிக்கறதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லல்ல" என்றாள்.

அவள் துணிகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை மேஜை மேல் வைத்துத் திறந்தாள். மேலாளருக்கு எழுதினாள். 'அந்தச் சம்மதம் நான் கொடுத்ததில்லை. என் பாஸ்வேர்டைப் போட்டது என் கணவர், போடச் சொன்னது அவர் தங்கை. அணைத்த சோதனை ரிப்போர்ட்டில் தெரியாதபடி எழுதியது நான்.' அவன் பின்னால் நின்று படித்தான். அனுப்பாதே என்று சொல்லவில்லை. அவள் அனுப்பினாள்.

பிறகு கான்ஃபிக் பட்டியலுக்குப் போய்க் காற்றுக்குமிழி சுவிட்சையே எடுத்தாள். டிரைவர் இருந்தால் சோதனை ஓடும், யாரும் அணைக்க முடியாது. கூடவே அவள் எழுதிய விளக்கமும் போயிற்று. அணைத்த மற்றவை இனி மஞ்சளில் வரும்படியும் மாற்றினாள். மாற்றத்தைப் பார்க்க வேண்டியவர் என்ற இடத்தில், பதினாலு வருடப் பழக்கத்தில், லேப்டாப் தானாகவே நாத்தனார் பெயரை நிரப்பியது. அவள் அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மேலாளர் பெயரைப் போட்டாள்.

கடைசியாகப் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். பழையதைக் கேட்டது. கதவு எண்ணையும் தெருப் பெயரையும் தட்டினாள். புதியதைக் கேட்டது. பின்னால் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் பழக்கதோஷத்தில் பக்கத்தைப் புரட்டி, பேனா மூடியைத் திறந்து, அவள் கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

"வேணாங்க" என்றாள் அவள், திரும்பாமல். "இத நானே ஞாபகம் வெச்சுக்கறேன்."